ஐயத்தை அளக்கும் மரக்கால்

2023 மார்ச் மாதத்தில் மூன்று நாட்கள், உளவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகளுக்குத் துணையாகத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அவள் கையில் ஒரு வினாப்பட்டியல் இருந்தது. காலநிலை மாற்றம் பற்றிப் பொதுமக்கள் கொண்டிருக்கும் ஐயத்தை அளப்பது அவளுடைய ஆய்வேட்டின் நோக்கம். மேற்கே உருவான ஓர் அளவுகோலை அவளே தமிழாக்கியிருந்தாள். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' என்பதில் முடியும், நடுக்கட்டம் இரண்டுங்கெட்டான். வண்டி ஓட்டுவதும், 'யார் வீட்டுப் பொண்ணு இது?' என்ற கேள்விக்கு விடை சொல்வதும் என் பணிகள்.

நாங்கள் போன நேரம் அப்படி. பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் டெல்டா மாவட்டங்களில் சாய்ந்துபோயிருந்தன. முப்பத்து மூன்று விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. கதிர் வயலிலேயே முளைத்துப்போன கதையைத்தான் எல்லாத் திண்ணைகளிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில், கையில் தாளும் பேனாவுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? முதல் வீட்டிலேயே பெரியவர் கேட்டார்: "இது நிவாரணக் கணக்குங்களா?" இல்லை, படிப்புக்காகக் கேட்கிறேன் என்று அவள் விளக்கினாள். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அவருக்கு வயது எழுபத்தெட்டு. வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைசி மதகுக்குக் கீழே நிலம். அவர் பதில் சொன்ன விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

'காலநிலை மாற்றம் பற்றிய எச்சரிக்கைகள் மிகைப்படுத்தப்படுகின்றன' என்பது முதல் கூற்று. அவர் யோசிக்கவே இல்லை. "அது நெசந்தான் பாப்பா. கூண்டு ஏத்திட்டேங்கறான், சிவப்பு எச்சரிக்கைங்கறான். மாட்டை அவுத்து மேட்டுல கட்டிட்டு உக்காந்திருந்தா வெயிலு பல்லக் காட்டுது. ஒண்ணும் சொல்லாத அன்னிக்குத்தான் கொட்டித் தீக்குது." நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் அவர் சொன்னார். அந்தக் கரையோரத்தில் எச்சரிக்கை என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. அவள் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் குறியிட்டாள். ஐயத்தின் கணக்கில் ஐந்து.

இரண்டாவது: 'காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இப்போது நடப்பது இயற்கையான ஏற்ற இறக்கம்.' இதற்கு அவர் ஐம்பத்திரண்டு புயலிலிருந்து தொடங்கினார். 1952 நவம்பர் இறுதியில் அடித்த அந்தப் புயலின்போது அவருக்கு ஏழு வயது. பிறகு 1977, பிறகு 2008இல் நிஷா, ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது, பிறகு 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா. "எப்பவும் உள்ளதுதான்" என்று முடித்தார். இன்னொரு ஐந்து.

மூன்றாவது: 'இந்த மாற்றங்களுக்கு மனிதர்களின் செயல்பாடுகளே காரணம்.' பெரியவர் சிரித்துவிட்டார். "மனுசன்தான் காரணம். பின்ன, மாடா காரணம்?" தொடர்ந்து, கர்நாடகத்துக்காரன், ஆற்று மணலை அள்ளினவன், இறால் பண்ணை வைத்தவன், குளத்தைத் தூர்த்து வீடு கட்டினவன் என்று பட்டியல் நீண்டது. முழு உடன்பாடு. இந்தக் கூற்று தலைகீழாக மதிப்பிடப்படுவது. எனவே ஐயம் ஒன்று. நான்காவது, உங்கள் பகுதியில் இதன் தாக்கம் ஏற்கெனவே தெரிகிறதா என்பது. அவர் வயலைக் கையால் காட்டினார். மீண்டும் ஒன்று.

இப்படியே போய், கூட்டி வகுத்தபோது அவர் மதிப்பெண் ஐந்தில் மூன்று. மறுநாள் தஞ்சாவூர் நகரத்தில், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாக் கூற்றுக்கும் நடுக்கட்டத்தையே காட்டிய ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவருக்கும் அதே மூன்று. கணினியின் அட்டவணையில் அவ்விருவரும் ஒரே ஆள்.

(மாடா காரணம் என்று அவர் கேட்டதைப் பிற்பாடு நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கால்நடைகளின் செரிமானமும் நீர் நிறுத்திய நெல்வயலும் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன என்பது அறிவியல். உலகக் கணக்கில் அவருடைய மாடும் வயலும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கின்றன. ஆனால் மன்னார்குடிப் பக்கம் போய் மீத்தேன் என்று சொல்லிப் பாருங்கள். 2010க்குப் பின் அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகையிலிருந்து எரிவாயு எடுக்கவிருந்த திட்டமும், அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் நீத்ததும்தான் நினைவுக்கு வரும். ஒரு சொல் வினாப்பட்டியலுக்குள் நுழையும்போது அதன் ஊர்க்கதையையும் தூக்கிக்கொண்டு நுழைகிறது.)

மனப்பான்மையை எண்ணாக்கும் இந்த ஐந்து கட்ட முறையை ரென்சிஸ் லைகர்ட் என்ற அமெரிக்கர் 1932இல் முன்வைத்தார். எளிமையான, பயன் மிக்க கருவி. அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. காலநிலை குறித்த ஐயத்தை அளக்க அதைப் பயன்படுத்தியவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். 2004இல் ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் ஐயவாதிகளை மூன்றாகப் பிரித்தார்: வெப்பம் உயரவே இல்லை என்பவர்கள், உயர்கிறது ஆனால் மனிதன் காரணமில்லை என்பவர்கள், மனிதன் காரணம்தான் ஆனால் கேடு ஒன்றுமில்லை என்பவர்கள். பிரிட்டனில் லொரெய்ன் விட்மார்ஷ் 2003லும் 2008லும் செய்த ஆய்வுகளை ஒப்பிட்டு 2011இல் எழுதிய கட்டுரை முக்கியமானது. ஒருவர் ஐயப்படுவதற்கு அவருடைய அறியாமையைவிட அவருடைய அரசியலும் விழுமியங்களுமே வலுவான காரணம் என்று அது காட்டியது. தகவலைக் கொட்டினால் ஐயம் கரைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த நல்ல அடி அது.

எனக்கு இவற்றில் மிகவும் பயன்பட்டது 2014இல் ஸ்டூவர்ட் கேப்ஸ்டிக், நிக் பிட்ஜன் இருவரும் எழுதியது. ஐயவாதம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன என்றார்கள். ஒன்று, அறிவியல் சொல்வது உண்மையா என்ற ஐயம். மற்றது, அதற்காகச் செய்யப்படுபவை பலன் தருமா, செய்வதாகச் சொல்பவர்கள் செய்வார்களா என்ற ஐயம். இரண்டாவதைச் செயல் குறித்த ஐயம் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனைப் பற்றி எழுதப்பட்ட அந்தக் கட்டுரை கடைமடைக்கென்றே எழுதப்பட்டதுபோல் எனக்குப் பட்டது. ஏனெனில் அந்த மூன்று நாட்களில் நான் கேட்ட ஐயங்களில் பெரும்பகுதி இரண்டாம் வகை. அவற்றைத் தூக்கி முதல் வகையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தது எங்கள் பட்டியல்.

இந்தியா முழுமைக்கும் எண்கள் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஆன்டனி லைசரோவிட்ஸும் ஜகதீஷ் தாக்கரும் 2011இன் இறுதியில் 4,031 இந்தியரிடம் நடத்திய ஆய்வில், புவி வெப்பமடைதலைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதே இல்லை அல்லது தெரியாது என்றவர்கள் 41 விழுக்காடு. பிறகு ஒரு சிறு விளக்கத்தைப் படித்துக்காட்டி, இது நடக்கிறதென்று நினைக்கிறீர்களா என்று கேட்டபோது 72 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். பத்தாண்டு கழித்து, 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை, தொலைபேசி வழியே 4,619 பேரிடம் அதே முறையில் கேட்டபோது ஆம் என்றவர்கள் 84 விழுக்காடு. மனிதச் செயல்பாடே பெரும் காரணம் என்றவர்கள் 57 விழுக்காடு. ஆனால் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதில்லை என்றவர்கள் இன்னமும் 54 விழுக்காடு.

கொஞ்சம்தான் தெரியும் என்பவர், ஒரு பத்தி விளக்கத்தைக் கேட்டதும் ஆம் என்கிறார். இந்த 'ஆம்' என்ன? 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் பிஷப்பும் தோழர்களும் ஒரு குறும்பு செய்தார்கள். 1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம் என்ற, உலகத்தில் இல்லாத ஒரு சட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொன்னார்கள். கேட்டவரின் முகம் வாடக்கூடாதே என்ற பண்பு அமெரிக்காவுக்கே இருக்குமானால், வந்தவருக்கு மோர் கொடுக்காமல் அனுப்பாத தஞ்சைச் சீமையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? "நீங்க படிச்சவுங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஓர் அம்மாள் எங்களிடம் சொன்னார். அவரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' கட்டத்தில்தான் இருக்கிறார்.

யேல் குழு அமெரிக்கர்களை ஆறு அமெரிக்காக்களாகப் பிரிப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பதற்றம் கொண்டவர், கவலை கொண்டவர், எச்சரிக்கையானவர், ஒட்டாதவர், ஐயப்படுபவர், அறவே மறுப்பவர். 2021–22 ஆய்வை வைத்து இந்தியர்களை அப்படிப் பிரித்தபோது கிடைத்தவை நான்கு இந்தியாக்களே. பதற்றம் 54, கவலை 29, எச்சரிக்கை 11, ஒட்டாமை 7 விழுக்காடு. ஐயப்படுபவர், மறுப்பவர் என்ற கடைசி இரண்டு பிரிவுகளுக்கு இங்கே ஆள் சேரவில்லை.

இதைப் படித்து மகிழ்ந்த நண்பர்கள் உண்டு. பாருங்கள், நம் மக்கள் எவ்வளவு அறிவியல்பூர்வமானவர்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் இந்த ஐயம் ஒரு கட்சி அடையாளமாக ஆகிவிட்டது. இங்கே எந்தக் கட்சியும் அதைக் கொடியில் ஏற்றவில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு இங்கே யாருக்கும் மல்லுக்கட்டக் காரணமில்லை. ஐயம் இங்கே வேறொரு வாய்க்காலில் ஓடுகிறது. அதை அளக்கக் கருவி கொண்டுபோகாதவர்கள், ஐயமே இல்லை என்று எழுதிவிடக்கூடும். அல்லது எங்களைப்போல, இருக்கும் ஐயத்துக்குத் தவறான பெயர் சூட்டிவிடக்கூடும்.

தஞ்சை விவசாயியின் மழை இரண்டு இடங்களில் பெய்கிறது என்பதை இந்தப் பட்டியல்களை வகுப்போர் நினைத்துப் பார்ப்பதில்லை. சம்பாவையும் தாளடியையும் வளர்ப்பது ஐப்பசி கார்த்திகையில் அவர் தலைமேல் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. குறுவைக்கு உரிய மழையோ ஆடியில் குடகு மலையில் பெய்கிறது. அது நான்கு அணைகளையும் ஒரு நடுவர் மன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் தாண்டி வர வேண்டும். 2007 பிப்ரவரியில் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. 'உங்கள் பகுதியில் கடந்த இருபது ஆண்டுகளில் மழையளவு மாறியிருக்கிறதா?' என்ற கேள்விக்கு, எந்த மழை என்று திருப்பிக் கேட்பவர் தெளிவில்லாதவர் அல்லர். 'நீர்ப் பற்றாக்குறைக்கு மனிதர்கள் காரணமா, இயற்கை காரணமா?' என்றால் அவர் மனிதர்கள் என்று சொல்லத்தான் செய்வார். அவர் சொல்லும் மனிதர்களுக்குப் பெயரும் கட்சியும் மாநிலமும் உண்டு. கரியமில வாயுவை நினைத்துச் சொல்லப்பட்டதாக அந்தப் பதிலை எண்ணிக் கொள்வது நம் விருப்பம்.

இதற்கும் ஆழத்தில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. மனிதனா இயற்கையா என்று வெட்டிப் பிரித்துக் கேட்பதே நம் மரபுக்குப் புதியது. மாதம் மும்மாரி பெய்கிறதா என்று மந்திரியைக் கேட்கும் அரசன் நம் கூத்துமேடையில் கேலிப்பொருளாகவே ஆகிவிட்டான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால், கோல் கோணினால் மழை தவறும் என்ற பழைய நம்பிக்கை இருந்தது. வானம் பொய்த்தால் குற்றம் ஏதோ ஒரு மனிதனுடையது. இது அறிவியல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'ஊருல நாயம் செத்துப்போச்சு, மழை எப்படிப் பெய்யும்' என்று சொன்ன ஒருவரை, மனிதச் செயல்பாடே காரணம் என்ற கட்டத்தில் நாங்கள் குறித்துவிட்டோம். வேறு எங்கே குறிப்பது?

சொல் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நாளேடுகளில் ஒன்று பருவநிலை மாற்றம் என்கிறது, மற்றது காலநிலை மாற்றம் என்கிறது. இரண்டும் கலைச்சொல்லாக நல்லவையே. ஆனால் டெல்டாவில் பருவம் என்றால் விதைக்கும் பருவம். சளி பிடித்தால் டாக்டர், பருவநிலை மாற்றம், ஒன்றுமில்லை என்று மாத்திரை தருகிறார். அதனால் 'பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களா?' என்று கேட்டபோது ஒருவர், "அது வருசா வருசம் வர்றதுதானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். இவரைக் கவலையற்றவர் என்று வகைப்படுத்தினால் ஆய்வின் பிழைக்கு அவரைத் தண்டிப்பதாகும்.

விவசாயி எல்லாம் அறிந்தவர், ஆய்வாளர் ஒன்றும் அறியாதவர் என்று எழுதிவிடுவது எளிது. சிற்றிதழ் வட்டாரத்தில் அந்தப் பாட்டுக்குக் கைதட்டலும் கிடைக்கும். நான் அதைப் பாடப் போவதில்லை. ஊர் நினைவும் கோணலான அளவுகோல்தான். ஜூன் 12 என்றால் மேட்டூர் திறந்துவிடும், அதெல்லாம் அந்தக் காலம் என்று எங்களிடம் சொல்லாதவர் இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதி தவறியதும், 2012லும் 2016லும் செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்ததும் உண்மை. ஆனால் அணை கட்டி முடிந்த 1934இலிருந்து எண்ணினாலும் சரியாக அந்த நாளில் திறந்தது சுமார் இருபது முறைதான், தள்ளிப்போனதே மிகுதி. மனம் நல்ல ஆண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு அவற்றையே வழக்கம் என்கிறது. ஐம்பத்திரண்டு புயலைச் சொல்லி எப்பவும் உள்ளதுதான் என்ற பெரியவரும், புயல்களின் பட்டியலை வைத்துக் கடல் சூடாவதை அறிய முடியாது. அதற்கு வெப்பமானிதான் வேண்டும்; அது சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை. மனிதரின் கருத்தை அளக்கவும் ஏதோ ஒரு முறை வேண்டும். இல்லையேல் 'மக்கள் நினைக்கிறார்கள்' என்று மேடையேறுபவர்கள் சொல்வதுதான் மிஞ்சும்.

மோசமான அளவீடு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நிலவுப் பயணம் நாடகம் என்று நம்புகிறவர்களே காலநிலை அறிவியலையும் மறுக்கிறார்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு ஸ்டெஃபான் லெவாண்டாவ்ஸ்கி குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இணையம் வழியே பதில் தந்தவர்கள் 1,145 பேர். அவர்களில் நிலவுப் பயணத்தை மறுத்தவர்கள் பத்துப் பேர் மட்டுமே என்று எதிர்த்தரப்பு எண்ணிக் காட்டியது. சதிக்கோட்பாடுகளில் மனம் போவதற்கும் அறிவியலை மறுப்பதற்கும் தொடர்பு உண்டு என்ற பொதுக் கருத்துக்குப் பிற ஆய்வுகளிலும் ஆதரவு உண்டு. ஆனால் தலைப்பு, எண்களை விஞ்சிக் கூவிவிட்டது. ஏற்கெனவே நம்பாதவர்களுக்கு நம்பாமலிருக்க இன்னொரு காரணம் கிடைத்தது.

தஞ்சையில் கேள்வி கேட்கும் வழக்கம் பழையது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுத்தபோது, அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி அவற்றில் ஒன்று. அதே ஊருக்கு 1930களிலும் அதன் பின்பும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் வந்து, 1976இல் மீண்டும் வந்தார். 1960களின் தொடக்கத்தில் ஸ்ரீபுரம் என்று அவர் பெயரிட்ட தஞ்சைக் கிராமத்தில் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய், தாம் அக்கிரகாரத்தில் தங்கியிருந்ததால் சேரிக்குள் போய்ப் பழகுவது எவ்வளவு கடினமாயிற்று என்பதைப் பின்னால் ஒளிவுமறைவின்றி எழுதினார். எந்தத் திண்ணையில் உட்காருகிறோமோ அந்தத் திண்ணையின் பதிலே நமக்குக் கிடைக்கிறது.

நாங்களும் திண்ணைகளில்தான் உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் மாலைதான் அக்கா மகளுக்கு உறைத்தது: "மாமா, நிலமில்லாதவங்க ஒருத்தரக்கூட கேக்கலயே." மறுநாள் தெற்குத் தெருவுக்குப் போனோம். நடவாள் பெண்கள் நான்கைந்து பேர் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். முதலில், "எங்களுக்கு என்ன தெரியும், பெரிய வீட்டுல கேளுங்க" என்றார்கள். கீழ்வெண்மணி அங்கிருந்து வெகுதூரமில்லை; அந்த வாக்கியத்துக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்லப் பேச்சு வந்தபோது, 'மாறிவரும் காலநிலைக்கு ஏற்ப விவசாய முறைகளை மாற்றிக்கொள்வது நன்மை தரும்' என்ற கூற்றுக்கு, அவர்களில் மூத்தவர் வெடுக்கென்று பதில் சொன்னார். "என்னா நன்மை? தண்ணி நேரத்துக்கு வரலன்னு நேரடி விதைப்பு போட்டுட்டாங்க. நாத்தும் இல்ல, நடவும் இல்ல. அவுங்க பொழச்சிக்கிட்டாங்க. எங்களுக்கு ஏது வேல?"

சிறிதும் உடன்படவில்லை. பட்டியலின்படி அவர்தான் அந்த ஊரிலேயே பெரிய ஐயவாதி. காலநிலைத் தகவமைப்பு என்று அறிக்கைகள் புகழும் நேரடி விதைப்பு அந்தப் பெண்ணின் நடவுக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அக்கா மகள் என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் எனக்கு மரக்கால் நினைவு வந்தது. கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், கொடுக்கும் மரக்கால் வேறு, வாங்கும் மரக்கால் வேறு என்ற புகார் இந்த மண்ணில் இருந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் எழுந்த விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் கோரிக்கைகளில், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. அளவு என்பது இங்கே எப்போதும் யாரோ ஒருவருடைய கையில் இருந்திருக்கிறது. இன்றும் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் சிக்கல். காப்பீட்டில் கிராமத்துக்கு எடுத்த மாதிரி அறுவடையின் எடை அவரவர் வயலின் விதியைத் தீர்மானிக்கிறது. நிவாரணத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு என்ற கோடு. கருவிகள் சரியாகவே இருக்கலாம். ஆனால் எண்ணால் பலமுறை வெட்டுப்பட்டவர்கள், எங்கள் ஐந்து கட்டங்களையும் இன்னொரு ஈரப்பதமானியாகப் பார்த்ததில் என்ன வியப்பு? என்ன சொன்னால் எண் நமக்குச் சாதகமாக வரும் என்று அவர்கள் யோசித்ததை, உண்மையின்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது வெறும் முறையியல் சச்சரவு என்று தோன்றலாம். பணம் எங்கே போகிறது என்பதோடு சேர்ந்த விஷயம் இது. ஓர் ஊர் ஐயப்படுகிறது, அறியாமையில் இருக்கிறது என்று ஆய்வு சொன்னால் விளைவு விழிப்புணர்வு முகாம். பந்தல், பதாகை, துணிப்பை, ஒரு மரக்கன்று, புகைப்படம். ஊர் நம்புகிறது, ஆனால் நம்மை நம்பவில்லை என்று அதே ஆய்வு சொன்னால் வடிகாலைத் தூர்வார வேண்டியிருக்கும், அது கடினம். வெண்ணாற்றுப் படுகையில் காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரிலேயே ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் 2016இல் ஒரு திட்டம் வந்து, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு முதலியவற்றின் கரைகளையும் மதகுகளையும் சீரமைக்க எடுத்துக்கொண்டது. அந்த வேலையின் நிறைகுறை தனிக் கட்டுரைக்கு உரியது. யாருடைய மனப்பான்மையையும் அளக்காமலேயே அதைத் தொடங்க முடிந்தது என்பது மட்டும் என் கவனத்துக்கு உரியதாகப் படுகிறது.

நம்பிக்கையை அளந்தே தீர வேண்டுமென்றால் வாயைவிட விதையைக் கேட்கலாம். நீரில் மூழ்கினாலும் இரண்டு வாரம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தை யார் தேடிப் போகிறார்கள், குறுவையை எந்த ஆண்டு கைவிட்டார்கள், சம்பா விதைப்பை எத்தனை நாள் தள்ளினார்கள், வடிமுனைக் குழாயை எத்தனை அடி இறக்கினார்கள். ஐம்பத்திரண்டு புயலைச் சொன்ன அந்தப் பெரியவர் வீட்டுக் குதிரில் இருந்தது சப்-1 விதைதான். மூன்று என்று நாங்கள் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதியிருக்கலாம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. விதை வாங்குவது நிலமுள்ளவர், வேப்பமரத்தடியில் இருந்த பெண்களை இந்த அளவுகோலும் தொடாது.

அக்கா மகள் கெட்டிக்காரி. ஆய்வேட்டில் ஒரு தனி இயல் எழுதி, தன் அளவுகோல் எங்கெங்கே வழுக்கியது என்பதை வெளிப்படையாகச் சொன்னாள். வழிகாட்டி அதைச் சுருக்கிப் பின்னிணைப்பாக ஆக்கச் சொல்லிவிட்டார். அவளுக்கு வருத்தம்தான், ஆனாலும் பட்டம் வந்துவிட்டது.

ஒவ்வொரு வினாப்பட்டியலின் கடைசியிலும் 'பிற கருத்துகள்' என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தாள். மென்பொருளில் அதற்கு இடமில்லை, அதனால் எந்த அட்டவணையிலும் அது ஏறவில்லை. அந்த இரண்டு வரியில் கொள்ளாமல் தாளின் பின்புறமெல்லாம் அவள் எழுதிவைத்திருக்கிறாள்: வாய்க்காலில் வெங்காயத் தாமரை, எந்த மதகில் பலகை இல்லை, எந்த வடிகாலை யார் மறித்திருக்கிறார்கள், கஜாவில் விழுந்த தென்னைக்கு வைத்த கன்று எத்தனை பிழைத்தது. அந்தத் தாள்கள் அக்கா வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. பொங்கலுக்கு ஒட்டடை அடித்தபோது எடைக்குப் போட்டுவிடலாமா என்று அக்கா கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.